ஆறு வருஷம் ஒரே மவுஸ்: சர்க்யூட் பிழைத்தது, ஸ்பிரிங்தான் படுத்தியது

இந்த வயர்லெஸ் மவுஸ் என் கைக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. தினமும் எட்டு மணி நேரமாவது உழைக்கிறது. இத்தனை நாளில் சென்சாரோ ரேடியோவோ ஒருமுறைகூடக் காலை வாரவில்லை. படுத்தியதெல்லாம் ஸ்பிரிங், மூடி, தகடு, ரப்பர் என்று சில்லறைச் சாமான்கள்தான். அட்டைப்பெட்டியில் டிபிஐ (சென்சாரின் நுணுக்க அளவு) எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். பேட்டரியைப் பிடித்திருக்கும் சுருள்கம்பியைப் பற்றி ஒரு வரி இருக்காது.

எடையிலிருந்து தொடங்குகிறேன். உள்ளே ஒற்றை ஏஏ செல். அல்கலைன் என்றால் அதுவே சுமார் 23 கிராம், அதாவது மவுஸின் மொத்தக் கனத்தில் கிட்டத்தட்ட கால்வாசி. இந்த மாடலில் செல் உள்ளங்கைக்கு அடியில், பின்பக்கம் தள்ளிப் படுத்திருக்கிறது. மேஜையில் நகர்த்தும்போது ஒன்றும் தெரியாது. மவுஸ்பேடின் விளிம்புக்கு வந்ததும் தூக்கி வைப்போமே, அப்போது வால் தொங்கும். சாயங்காலத்துக்குள் கட்டைவிரலும் சுண்டுவிரலும் கெஞ்சும். லித்தியம் ஏஏ செல் சுமார் 15 கிராம்தான். அதைப் போட்ட அன்றே வித்தியாசம் தெரிந்தது. அந்த எட்டு கிராமும் நுனியிலிருந்து குறைவதால்தான் இவ்வளவு தெரிகிறது என்று நினைக்கிறேன். செல்லை நடுவில், சென்சாருக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை. ஆனால் ஏஏ செல்லின் தடிமன் 14.5 மில்லிமீட்டர், முதுகு உயர்ந்திருக்கும் இடத்தில்தான் அது அடங்கும்.

இரண்டாம் வருஷம் ஒரு புதிர். திடீர் திடீரென்று கர்சர் உறைந்து, ஓரிரு விநாடியில் உயிர் பெறும். கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் ரிசீவர்மீதுதான் சந்தேகப்பட்டேன். யுஎஸ்பி 3 போர்ட்டுகள், வயர்லெஸ் மவுஸ் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பக்கத்தில் இரைச்சல் எழுப்பும் என்பது தெரிந்த சங்கதி. அதனால் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு ரிசீவரைத் தள்ளி வைத்தேன். பலனில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது: மவுஸைத் தூக்கி ‘டொக்’கென்று வைக்கும்போது மட்டும்தான் இது நடக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தால், மைனஸ் பக்கத்துச் சுருள் நசுங்கிக் கூனிக் கிடந்தது. மேஜையில் இடிக்கும்போது செல் ஒரு கணம் துள்ளும், தொடர்பு அறும், சர்க்யூட் முதலிலிருந்து எழுந்து ரிசீவரைத் தேடும். ஊசியை விட்டுச் சுருளை இரண்டு மில்லிமீட்டர் இழுத்துவிட்டேன். மூடிக்கும் செல்லுக்கும் நடுவில் காகிதத்தை நாலாக மடித்துச் செருகினேன். அந்தக் காகிதம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

நீண்ட விடுமுறை ஒன்றில் செல்லைக் கழற்றாமல் போனது என் தப்பு. திரும்பி வந்தபோது சுருளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அல்கலைன் செல்லுக்குள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கசிந்து காற்றுபட்டால் இப்படிக் கார்பனேட்டாகப் படியும். காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் தோய்த்துத் துடைத்தால் நுரைத்துக்கொண்டு கரைகிறது. பிறகு ஈரம் போகக் காயவைக்க வேண்டும். சுருளின் நிக்கல் பூச்சு போனது போனதுதான். அதன்பின் ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லுக்கு மாறிவிட்டேன். அது அல்கலைனைவிடக் கொஞ்சம் கனம். எடை விஷயத்தில் தோற்றுத்தான் போனேன். அல்கலைனின் 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2 வோல்ட்தான் என்பதால் பேட்டரி காலி என்று சீக்கிரமே விளக்கு சிமிட்டும். அதை நம்பாதீர்கள், அதற்குப் பிறகும் நாள்கணக்கில் ஓடுகிறது.

நாலாம் வருஷம் எல்லோருக்கும் வரும் வியாதி வந்தது. ஒருமுறை அழுத்தினால் இரண்டு கிளிக். ஃபைலை நகர்த்தப் போனால் நடுவழியில் கைவிட்டுவிடும். பொத்தானுக்கு அடியில் இருக்கும் மைக்ரோ ஸ்விட்ச் கோடிக்கணக்கான அழுத்தம் தாங்கும் என்று சொல்வதெல்லாம் நிஜமாகவே இருக்கலாம். ஆனால் பேட்டரி மவுஸில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஸ்விட்ச் வழியே மிகச் சொற்ப மின்னோட்டத்தைத்தான் விடுவார்கள். தொடுமுனையில் படியும் ஆக்சைடைப் பொசுக்கித் தள்ள அதற்குத் தெம்பு போதாது. ஸ்விட்சுக்குள் வளைந்து கொடுக்கும் தகடும் நாளடைவில் விறைப்பு இழக்கும். இரண்டும் சேர்ந்தால் ஒரே அழுத்தத்தில் தொட்டு, விட்டு, மறுபடி தொடும்.

பிரித்துப் பார்த்துவிடுவது என்று இறங்கினேன். வழவழ பாதங்களுக்கு அடியில் இரண்டு ஸ்குரூ, செல் இருக்கும் குழியில் ஸ்டிக்கருக்குப் பின்னால் இன்னொன்று. அதைக் கண்டுபிடிக்கவே அரை மணி. ஸ்விட்சின் கறுப்பு மூடியைக் கத்தி முனையால் நெம்பியபோது, அரிசியில் பாதி இருக்கும் வெள்ளைக் குமிழ் ஒன்று தெறித்து ஓடியது. டார்ச்சோடு தரையில் படுத்துத் தேடி எடுத்தேன். உள்ளே வளைந்த செம்பு நிறத் தகடு. அதன் முனையில் கடுகளவு கறுப்புப் பொட்டு. காகித விளிம்பால் நாலுமுறை தேய்த்துத் துடைத்து மூடினேன். ஐந்து மாசம் தாங்கியது. அப்புறம் ஸ்விட்சையே மாற்றிச் சால்டரிங் செய்துவிட்டேன்.

ஸ்க்ரால் வீலில் அவ்வளவு தொல்லை இல்லை. அச்சில் தலைமுடி சுற்றிக்கொள்ளும், ட்வீசரால் இழுத்தால் வந்துவிடும். பக்கவாட்டு ரப்பர் பூச்சுதான் மோசம். மூன்றாம் வருஷமே பிசுபிசுக்க ஆரம்பித்தது. ஸ்பிரிட் போட்டு முழுக்கச் சுரண்டி எடுத்தேன். வெறும் பிளாஸ்டிக்காகவே விட்டிருக்கலாம், யார் கேட்டார்கள் அந்தப் பூச்சை?

இப்போது இடது பொத்தான் ‘டக்’ என்கிறது, வலது பழைய ‘டிக்’கிலேயே நிற்கிறது. அடுத்து வலதுதான் போகும். அதற்கான ஸ்விட்ச் ஏற்கெனவே மேஜை டிராயரில் கிடக்கிறது.