டப்பாவில் பத்து ரூபாய்: இரண்டரை வருட நடைப்பயிற்சி அனுபவம்

2022 ஆகஸ்டில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் அளவு) 6.2 சதவீதம் என்று வந்தது. "சர்க்கரை இன்னும் வரலை, ஆனா வாசல்ல நிக்குது. தினமும் நடங்கம்மா" என்றார் மருத்துவர். எங்கள் வீடு மதுரையில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டிய குளம். ஒரு முறை சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். நடக்க இடத்துக்குக் குறையில்லை. காலையில் எழுந்து கிளம்புவதுதான் பெரும்பாடு.

முதலில் நான் வைத்துக்கொண்ட பரிசு ஜிகர்தண்டா. ஆறு நாள் நடந்தால் ஞாயிறு மாலை ஒரு டம்ளர். பால், கடற்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று சர்க்கரைக்குப் பயந்து நடப்பவள் குடிக்கிற பானமா அது? இன்னொரு சிக்கலும் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்குப் போர்வைக்குள் கிடக்கும்போது ஞாயிற்றுக்கிழமை வெகுதூரத்தில் இருக்கிறது. ஒரு மாதத்தில் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் டப்பா வந்தது. பழைய ஹார்லிக்ஸ் டப்பா ஒன்றை வாசல் பக்கத்து அலமாரியில் வைத்தேன். இரண்டு சுற்று நடந்து வந்தால் ஒரு பத்து ரூபாய் நாணயம். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். எடை குறைந்ததா, எவ்வளவு வேகமாக நடந்தேன் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. போய் வந்தால் காசு, அவ்வளவுதான். அந்தப் பணத்தை சிலிண்டருக்கோ காய்கறிக்கோ தொடக்கூடாது என்பதில் மட்டும் கறாராக இருந்தேன். மூன்று மாதத்தில் சேர்ந்ததில் ஒரு சுங்குடிச் சேலை வாங்கினேன். எனக்கென்றே நான் வாங்கிக்கொண்ட சேலை. அதைக் கட்டும்போதெல்லாம் மனசு நிறைகிறது.

அந்த உற்சாகத்தில் ஒரு தப்பு செய்தேன். இருபத்தொரு நாள் இடைவிடாமல் நடந்தால் கூடுதலாக நூறு ரூபாய் என்று விதி வைத்தேன். பதினேழாம் நாள் திருமங்கலத்தில் ஒரு காதுகுத்து, போக முடியவில்லை. கணக்கு உடைந்ததும் 'போனது போச்சு' என்ற எண்ணம் வந்துவிட்டது. மூன்று வாரம் குளத்துப் பக்கமே தலைகாட்டவில்லை.

விதியை மாற்றியவன் என் மகன். "ஒரு நாள் விட்டா, மறுநாள் வந்ததுக்கு ரெண்டு காசு போடும்மா" என்றான். எனக்கு முதலில் ஒப்பவில்லை. விட்டதற்கா பரிசு? இல்லை, திரும்பி வந்ததற்கு என்றான். வேண்டுமென்றே விடும் ஆசை வரக்கூடாது என்பதற்காக, இரட்டைக் காசு வாரத்துக்கு ஒரு முறைதான் என்று சேர்த்துக்கொண்டோம். இந்த இரண்டரை வருடத்தில் எனக்கு நிஜமாகக் கைகொடுத்தது இந்த ஒரு விதிதான். காய்ச்சல், மழை, திருவிழா எதுவானாலும் இப்போது இடைவெளி இரண்டு நாளைத் தாண்டுவது அபூர்வம்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்: 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், அமெரிக்காவில் ஒரு ஜிம் நிறுவனத்தின் 61,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் 54 விதமான திட்டங்களைச் சோதித்திருக்கிறார்கள். முதலிடம் பிடித்தது, ஒரு தடவை தவறவிட்டவர் திரும்பி வந்தால் கொடுத்த துளியூண்டு பரிசு. மதிப்பு சுமார் ஒன்பது சென்ட்! என் மகனிடம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

நடக்கும்போது மட்டும் ஒலிநாவல் கேட்பது என்றும் ஒரு ஏற்பாடு வைத்துப் பார்த்தேன். இரண்டு மாதம் நன்றாகப் போனது. தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அதன் பிடி தளர்ந்துவிட்டது. சிலருக்கு ஒத்துவரலாம்.

2025 பிப்ரவரியில் எச்பிஏ1சி 5.8. ராத்திரி சோற்றைக் குறைத்ததற்கும் அதில் பங்குண்டு. எல்லாவற்றையும் டப்பாவின் கணக்கில் எழுத மாட்டேன். இப்போது வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறேன். சில நாள் காசு போடவே மறந்து, சாயங்காலம் ஞாபகம் வந்து போடுகிறேன். இந்த முறை டப்பா நிறைந்ததும் ஷூதான். பழையதில் குதிகால் பக்கம் முழுக்கத் தேய்ந்துவிட்டது.