பைட்கோடைச் செதுக்க ஏஎஸ்எம்மா, சூட்டா?

கம்பைல் ஆகி வந்த ஜாவா பைட்கோடை (ஜாவா மெய்நிகர் இயந்திரம் ஓட்டும் கட்டளைகளை) மறுபடி எடுத்து மெருகேற்றும் கருவி ஒன்றுக்காக, பைட்கோடை மாற்ற உதவும் ஏஎஸ்எம் (ASM), சூட் (Soot) என்ற இரண்டு நூலகங்களிலும் எழுதிப் பார்த்தேன். கடைசியில் சூட்டிலேயே நின்றுவிட்டேன். மெத்தட்டின் தொடக்கத்தில் ஒரு லாக் வரி செருகுவது, நேரம் அளப்பது போன்ற வேலைகளுக்கு ஏஎஸ்எம் தாராளமாகப் போதும். சிறியது, வேகமானது.

ஆப்டிமைஸ் செய்ய இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரிகிறது. இருப்பு + விலை * அளவு என்பதை எடுத்துக்கொள்வோம். பைட்கோடில் இது மூன்று லோடு (மதிப்பை ஸ்டாக் என்ற அடுக்கின் மேல் வைப்பது), ஒரு பெருக்கல், ஒரு கூட்டல். பெருக்கலுக்குப் போகும் மதிப்புகளுக்குப் பெயரே கிடையாது. ஸ்டாக்கின் மேலே இருக்கும் இரண்டு, அவ்வளவுதான். அதே பெருக்கல் முன்பே நடந்திருக்கிறது, இதைத் தூக்கலாம் என்றால், அந்த இரண்டையும் அங்கே வைத்த கட்டளைகளைத் தேடிப் பிடித்து அவற்றையும் நீக்க வேண்டும். நடுவில் ஒரு டூப் (ஸ்டாக்கின் மேல் மதிப்பை நகலெடுக்கும் கட்டளை) இருந்தால் இன்னும் சிக்கல். கிளைகள் சேரும் இடத்தில் ஸ்டாக் உயரம் ஒன்று பிசகினாலும், ஓட்டும் முன் பைட்கோடைச் சரிபார்க்கும் வெரிஃபையர் கிளாஸை ஏற்காது.

சூட் பைட்கோடை மாற்றித் தரும் ஜிம்பிள் என்ற இடைநிலை வடிவத்தில் அதே கணக்கு இரண்டு வரி: தற்காலிகம் = விலை * அளவு; மொத்தம் = இருப்பு + தற்காலிகம். ஒவ்வொரு மதிப்புக்கும் பெயர் உண்டு, டைப் உண்டு. பைட்கோடின் 200-க்கும் மேற்பட்ட ஆப்கோடுகள் (கட்டளை வகைகள்) சுமார் 15 வகை வாக்கியங்களாகச் சுருங்கிவிடுகின்றன. எஸ்எஸ்ஏ வடிவம் (ஒவ்வொரு மாறிக்கும் ஒரே இடத்தில் மட்டும் மதிப்பு தரும் முறை) வேண்டுமென்றால் ஷிம்பிள் இருக்கிறது.

ஆனால் ஜிம்பிளிலிருந்து பைட்கோடுக்குத் திரும்பும் வழியைக் கவனிக்காவிட்டால் எல்லாம் வீண். தற்காலிக மாறிகள் அப்படியே இறங்கினால் ஸ்டோர், லோடு ஜோடிகள் குவியும். இதைக் குறைக்க கிரிம்ப், பாஃப் என்று இரண்டு பாதைகளைச் சூட் தருகிறது. சில பைட் கூடினால் என்ன என்று விடவும் முடியாது. ஹாட்ஸ்பாட் என்ற ஜாவா மெய்நிகர் இயந்திரத்தின் வழக்கமான அமைப்பில், அடிக்கடி ஓடும் மெத்தட்கூட 325 பைட்டைத் தாண்டினால் பொதுவாக இன்லைன் ஆகாது (அழைக்கும் இடத்திலேயே அதன் கோடு பதிக்கப்படாது). 8000 பைட்டைத் தாண்டினால், ஓடும்போதே இயந்திரக் கோடாக்கும் ஜிட், அதைக் கம்பைல் செய்வதே இல்லை. ஒரு பெருக்கலை மிச்சம் பிடித்து 320-ஐ 330 ஆக்கினால் நிரல் மெதுவாகலாம். அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் ஜாவாபி (javap, பைட்கோடைக் காட்டும் கருவி) வைத்து மெத்தட் நீளத்தைப் பார்த்துவிடுவேன்.

மாறிலி மடிப்பு (மாறாத மதிப்புகளை முன்பே கணக்கிட்டு வைப்பது), செத்த கோடு நீக்கம் எல்லாம் ஜிட் தானே செய்துகொள்ளும். சூட்டுக்கு உழைப்பதில் பலன், முழு நிரலையும் ஒரே பார்வையில் பார்த்துச் செய்யும் வேலைகளில்தான்: யாரும் அழைக்காத மெத்தட்களைக் கழிப்பது, விர்ச்சுவல் அழைப்பை (எந்த மெத்தட் என்று ஓடும்போது முடிவாகும் அழைப்பை) நேரடி அழைப்பாக்குவது. ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போது பெயரை வைத்து மெத்தடை அழைப்பது) இருந்தால் மட்டும் அந்த நுழைவிடங்களை நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பராமரிப்பில் ஏஎஸ்எம் முந்துகிறது, இதை மறைக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு ஜாவா வருகிறது, கிளாஸ் ஃபைல் எண்ணும் ஏறுகிறது (17-க்கு 61, 21-க்கு 65). ஏஎஸ்எம் உடனுக்குடன் பின்தொடர்கிறது. சூட்டின் வாரிசான சூட்அப் முதன்மையாக ஆய்வுக்கானது. வாலா (WALA) என்ற இன்னொரு ஆய்வு நூலகத்தின் எஸ்எஸ்ஏ அருமை, ஆனால் அதைப் பைட்கோடாகத் திருப்பி எழுத முடியாது. பாயின்டர் ஆய்வுக்கு (எந்த மாறி எந்தப் பொருளைச் சுட்டலாம் என்று பார்ப்பதற்கு) மேல் நான் அதைத் தொட்டதில்லை.

இப்போது பில்டில் சூட் எழுதித் தரும் கிளாஸ்களை கிளாஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஏஎஸ்எம்மின் செக்கிளாஸ்அடாப்டர் வழியாக ஒருமுறை ஓட்டுகிறேன். அதில் தேறாத கிளாஸுக்குப் பதில் பழைய கிளாஸே ஜாருக்குள் போகும்.