ரவுட்டர் அணைந்து அணைந்து எழும்புதா? அடெப்டரா, மினி யூபிஎஸ்ஸா, பெரிய யூபிஎஸ்ஸா?

ஓர் இரவு பத்து மணிக்கு இலங்கை மலையகத்தின் தலவாக்கலையிலிருந்து அக்கா மகள் போன் பண்ணினாள். "மாமா, லெப்டொப்ல பயோஸ் அப்டேட் ஓடிக்கிட்டிருக்கு. ரவுட்டர் மறுபடியும் ஆஃப் ஆகி ஆன் ஆகுது. லெப்டொப் போயிருமா?"

போகாது. பயோஸ் என்பது கணினியை எழுப்பிவிடும் அடிப்படை மென்பொருள், ஃபேர்ம்வெயர் என்றும் சொல்வார்கள். அதன் அப்டேட்டில் இரண்டு கட்டம் உண்டு. முதலில் கோப்பு இறங்கும். இன்டர்நெட் தேவைப்படுவது அதற்கு மட்டும்தான். அப்புறம் கணினி ரீஸ்டார்ட் ஆகி, மதர்போர்டில் இருக்கும் சிப்பில் அதை எழுதும். அந்த நேரத்தில் விண்டோஸே ஓடாது, வைஃபைக்கு அங்கே என்ன வேலை? கோப்பு இறங்கும்போது ரவுட்டர் நின்றால், விண்டோஸ் அப்டேட் பிறகு தொடர்ந்து இறக்கிக்கொள்ளும். பாதி இறங்கிய கோப்பு சோதனையில் தேறாது, சிப்புக்குப் போகவும் போகாது. பயப்பட வேண்டியது ஒன்றுக்குத்தான்: எழுதும் அந்தச் சில நிமிடங்களில் கணினிக்கே கரண்ட் போவது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடைக்குப் போய் "ரவுட்டர் நிற்குது, அப்டேட் பண்ண பயமா இருக்கு" என்றால், ரவுட்டருக்கென்றே பட்டரி வைத்த சின்னப் பெட்டியான மினி யூபிஎஸ் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அது ரவுட்டரைக் காக்கும். கணினியை ஒன்றும் செய்யாது.

எதையும் வாங்குமுன் ரவுட்டர் உண்மையிலேயே ரீஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். பயோஸ் எழுதும்போது கணினியில் வைஃபை அடையாளமே இருக்காது. அதைப் பார்த்து ரவுட்டர்தான் போய்விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். ரவுட்டரின் எல்லா விளக்கும் ஒரேயடியாக அணைந்து வந்தால் பெரும்பாலும் கரண்ட் பிரச்சினை. பவர் விளக்கு எரிந்தபடி இருக்க, இன்டர்நெட் விளக்கு மட்டும் போனால் சிக்னல் பிரச்சினை. அதற்கு எந்த யூபிஎஸ்ஸும் மருந்தல்ல. விளக்கைப் பார்க்கத் தவறினால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் முகவரியை பிரவுசரில் போட்டு உள்ளே போங்கள். எத்தனை நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு பெரும்பாலான ரவுட்டர்களில் இருக்கும். இரண்டு நாளாக ஓடுகிறது என்று காட்டினால் அது ரீஸ்டார்ட் ஆகவே இல்லை. அங்கேயே 'தினமும் இத்தனை மணிக்கு ரீஸ்டார்ட்' என்று யாராவது போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். விண்டோஸ் அப்டேட்டும் அதே நேரத்தில் ஓடினால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

அக்கா மகள் வீட்டில் எல்லா விளக்கும்தான் அணைந்தன. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று போட்டிருந்தது. சுவரில் தொங்கிய அடெப்டரில் 12 வோல்ட் 0.5 ஆம்பியர். பழையது எரிந்துபோனபோது டவுனில் வாங்கியதாம். பின் பொருந்தியது, விளக்கு எரிந்தது, வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வட்ஸ்அப் பார்க்கும்வரை அது போதும். பெரிய கோப்பு இறங்கும்போது வைஃபையும் 4ஜியும் சேர்ந்து முழு மூச்சில் வேலை செய்ய, கரண்ட் போதாமல் வோல்டேஜ் சரிந்து ரவுட்டர் விழுந்து எழும்பும். மலையில் இது இன்னும் மோசம். டவர் மறுபக்கத்து மலையில் இருந்தால் சிக்னல் மெலிந்திருக்கும். மெலிந்த சிக்னலுக்கு ரவுட்டர் கத்திப் பேச வேண்டும், கத்தினால் கரண்ட் கூடுதலாகக் குடிக்கும்.

இன்னொன்றும் கண்டேன். இரண்டு மெல்லிய உருளைப் பின் உள்ள அடெப்டரை, 13 ஆம்பியர் சதுரத் துளைப் பிளக்கில் சொருகியிருந்தார்கள். மேல் துளையைப் பேனாவால் அமுக்கித் திறக்கும் நம்மூர் வித்தைதான். விரலால் தட்டினேன், விளக்கு சிமிட்டியது. மரப்பலகைத் தளத்தில் யாராவது நடந்தாலே போதும்.

சரி, இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம்.

சரியான அடெப்டர். மூன்றிலும் மலிவு இதுதான், பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் அனுபவம். வோல்ட் அச்சாக அதே அளவு இருக்க வேண்டும். ஆம்பியர் கூடினால் குற்றமில்லை, குறைந்தால்தான் வில்லங்கம். பழைய அடெப்டருக்கு வயதாகி உள்ளே கெபாசிட்டர் காய்ந்திருந்தாலும் இதே கோளாறு வரும். கரண்ட் ஒரு கண்சிமிட்டும் நேரம் விட்டு வந்தால் கணினியின் பவர் சப்ளை தாங்கும், அந்த அடெப்டர் தாங்காது. கணினி ஓட, ரவுட்டர் மட்டும் விழுவது அதனால்தான். அடெப்டரே இல்லாமல், கணினியின் யூஎஸ்பி துளையிலிருந்து சின்ன ரவுட்டரை ஓட்டுகிறவர்களும் உண்டு. கணினி ரீஸ்டார்ட் ஆனால் அதுவும் ஆகும், அதில் கோளாறே இல்லை. போன் சார்ஜருக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் கரண்ட் முழுதாகப் போனால் எந்த அடெப்டரும் உதவாது.

மினி யூபிஎஸ். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் வெட்டிய காலத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அந்த நிலை இல்லை, ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் லைனில் சாய்ந்தால் அந்தியில் போன கரண்ட் விடியத்தான் வரும். அந்த இரவுகளுக்கு இது நல்ல துணை. பெட்டியில் 8,800 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. 8.8 ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 32 வாட் மணி சொச்சம். இழப்புப் போக, 7 வாட் குடிக்கும் ரவுட்டருக்கு நான்கு மணி நேரம் கிடைத்தால் பெரிது. இதிலும் ஒரு பொறி இருக்கிறது. பட்டரியைச் சார்ஜ் பண்ணிக்கொண்டே ரவுட்டரையும் ஓட்ட வேண்டும் என்பதால், ஆம்பியர் குறைந்த அடெப்டரோடு இதை இணைத்தால் பழைய கதைதான்.

பெரிய யூபிஎஸ். மேசைக் கணினி வைத்திருப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான். சாதாரண 650 விஏ பெட்டியில் பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பட்டரி ஒன்று இருக்கும். நூறு சொச்சம் வாட் இழுக்கும் கணினிக்குப் பத்து நிமிடம் கிடைக்கும், பயோஸ் எழுதி முடிக்க அது போதும். ரவுட்டருக்காக மட்டும் வாங்குவது வீண். பட்டரிக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் வேலைக்கே அது பட்டரியைத் தின்னும், சில மாடல்கள் சுமை மிகக் குறைவென்று தானாக அணைந்தும்விடும். பட்டரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் அப்டேட்டுக்கு முன்னால் ஒரு தரம், திறந்திருக்கும் கோப்புகளைச் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை அணைத்துப் பார்ப்பேன்.

லெப்டொப்புக்கு இந்தச் செலவு தேவையில்லை. அதன் பட்டரியே அதற்கு யூபிஎஸ். டெல் போன்ற கம்பனிகளின் பயோஸ் அப்டேட் சார்ஜர் சொருகாமல் தொடங்கவே தொடங்காது. பட்டரி கிழடாகி, பிளக்கைக் கழற்றினால் உடனே அணையும் லெப்டொப் என்றால் அதை மேசைக் கணினி மாதிரியே நடத்துங்கள்.

காசே செலவழிக்காத வழியும் ஒன்று இருக்கிறது: போன் ஹொட்ஸ்பொட். பயோஸ் கோப்பு பெரும்பாலும் சில பத்து எம்பிதான், டேட்டாவும் அதிகம் போகாது. இல்லையென்றால் நூலகத்திலோ நண்பர் வீட்டிலோ பென்டிரைவில் இறக்கி வந்து பயோஸ் மெனுவிலிருந்தே எழுதலாம். மாடல் எண்ணை மட்டும் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். எந்த வழியானாலும் பிட்லொக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்தி, மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடி முழங்கினால் வேலையைக் காலைக்குத் தள்ளிப்போட வேண்டியதுதான்.

அக்கா வீட்டுக்கு 12 வோல்ட் 1.5 ஆம்பியர் அடெப்டரும் பொருத்தமான பிளக்கும் வாங்கிக் கொடுத்தேன். மறுவாரம் மறுபடி போன். "மாமா, அப்டேட் முடிஞ்சிருச்சு, ரவுட்டர் நிக்கவே இல்ல. ஆனா அம்மா அரிசிக் குக்கரை அதே மல்டிபிளக்குல சொருகிட்டாங்க."