கிவ்வெல் சைட்: லிஸ்ட்ட விட, லிஸ்ட்ல இருந்து தூக்குனதத்தான் படிக்கணும்

நன்கொடை குடுக்கணும் ஆனா எங்க குடுத்தா உருப்படியா போய்ச் சேரும்னு கேக்குறவங்களுக்கு நான் கை காட்டுறது இந்த சைட்டத்தான். 2007ல ஹெட்ஜ் ஃபண்ட்ல (பெரும் பணக்காரங்க காச முதலீடு பண்ற கம்பெனி) வேலை பாத்த ரெண்டு பேரு ஆரம்பிச்சது. என்ஜிஓ அடிச்சு விடுற பளபள புரோஷர ஓரமா வச்சிட்டு, நெசமாவே பலன் இருக்கான்னு ஆராய்ச்சிய நோண்டிப் பாத்து சின்னதா ஒரு டாப் லிஸ்ட் போடுவாங்க, கொசுவலை, மலேரியா மாத்திரை, வைட்டமின் ஏ இந்த மாதிரி. படிக்க காசு கிடையாது.

ஆனா எனக்குப் புடிச்சது வேற. பங்களாதேஷ் ரங்பூர் பக்கம் அறுவடைக்கு முன்னாடி வேலையே இருக்காது, அந்த நேரத்துல டவுனுக்குப் போய் பொழச்சுக்கோங்கன்னு பஸ் செலவுக்கு சின்ன கடன் குடுக்குற ஒரு திட்டம், பேரு நோ லீன் சீசன், நடத்துனது ஒரு என்ஜிஓ, பேரு எவிடென்ஸ் ஆக்‌ஷன். சின்ன அளவுல செஞ்ச ஆய்வுல ரிசல்ட் அட்டகாசம், 2017ல டாப் லிஸ்ட்டுக்கே வந்துருச்சு. அப்புறம் பெரிய அளவுல செஞ்சு பாத்தா வெளியூர் போறவங்க எண்ணிக்கையும் கூடல, வருமானமும் கூடல. 2018ல லிஸ்ட்ல இருந்து எடுத்தாச்சு, 2019ல திட்டத்தையே மூடிட்டாங்க, ஏன்னு ரெண்டு தரப்பும் வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க. எங்க என்ஜிஓ ஒரு ஃபண்டருக்கு வருஷா வருஷம் ரிப்போர்ட் அனுப்பும், எது வேலை செய்யலன்னு கூட எழுதுவோம், அது யாரு டிராயர்ல தூங்குதோ, அதே ஃபண்டர் அதே ஐடியாவ இன்னொருத்தருக்கு கிராண்டா குடுத்தப்போ வயிறு எரிஞ்சுச்சு. தோத்தத மறைச்சா அடுத்தவன் அதே குழிலதானே விழுவான்.

இன்னொன்னு, கிவ்வெல் கணக்கு போட்டு வெளியிடுற ஸ்ப்ரெட்ஷீட். எந்தத் திட்டமா இருந்தாலும், அதே காச நேரா ஏழைங்க கைல குடுக்குறத விட எத்தன மடங்கு பலன்னு கணக்கு போட்டிருப்பாங்க. ஒரு குழந்தை உயிருக்கு எவ்வளவு மதிப்பு, ஒரு குடும்பத்தோட வருமானம் டபுள் ஆனா எவ்வளவு மதிப்புன்னு கூட நம்பர் இருக்கும், கேக்கவே ஒரு மாதிரி இருக்கும்ல, ஆனா மத்த ஃபண்டருங்களும் மனசுக்குள்ள இந்தக் கணக்கத்தான் போடுறாங்க, என்ன, வெளிய சொல்றதில்ல. இங்க ஒரு காப்பி எடுத்து அந்த நம்பர நீங்களே மாத்திப் பாக்கலாம், மாத்துனா எது மேல எது கீழன்னு வரிசையே பெரண்டாலும் பெரளும்.

குறைன்னா, எண்ணி அளக்க முடியுறதுக்குத்தான் இங்க மவுசு. நில உரிமை, தொழிலாளர் சங்கம் மாதிரி வேலையெல்லாம் டாப் லிஸ்ட் பக்கமே வராது. அதனால லிஸ்ட்ல இல்லாததெல்லாம் வேஸ்ட்டுன்னு நெனச்சுறாதீங்க. அப்புறம் எழுத்து ரொம்ப நீளம், அடிக்குறிப்புக்கு அடிக்குறிப்பு போகும், மொதல்ல மேல இருக்குற சுருக்கத்த மட்டும் படிங்க, ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு லேப்டாப்ல உக்காருங்க.

அஞ்சுக்கு நாலு.