ஆழியார் இறக்கத்தில் போன பிரேக்: என் காரோடு எட்டு வருடம்

பெட்ரோல் ஹேட்ச்பேக், வாங்கி எட்டு வருடம், 96,000 கிலோமீட்டர். இன்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஹைவேயில் லிட்டருக்கு 18 கொடுக்கிறது, 70,000-ல் கிளட்ச் பிளேட் மாற்றினேன், அவ்வளவுதான். நான் எழுத வந்தது பிரேக்கைப் பற்றி.

போன டிசம்பரில் வால்பாறையிலிருந்து திரும்பும் வழியில் அட்டகட்டியில் டீ குடிக்க நிறுத்தினோம். சரிவான ஓரம் என்பதால் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துப் போட்டேன். கிளம்பும் நேரம் மகள் வாந்தி வருகிறது என்றாள், ஒரு கையால் கவர் தேடிக்கொண்டே மறு கையால் லீவரை இறக்கினேன், இரண்டு பல் இறங்காமல் நின்றுவிட்டது. சமதளமாக இருந்தால் வண்டி திணறுவதிலேயே தெரிந்திருக்கும், இறக்கத்தில் அது தானே உருள்வதால் எதுவும் தெரியவில்லை. சிவப்பு விளக்காவது எரிந்திருக்க வேண்டும். அந்த பல்பு போய்ப் பல மாதம் ஆகியிருந்தது, "மறக்காம மாத்திடுங்க சார்" என்று மெக்கானிக் சொன்னதை நான் மறந்திருந்தேன்.

அங்கிருந்து கீழே ஆழியார் வரை வளைவுக்கு மேல் வளைவு, அந்த மலைப்பாதையில் மொத்தம் 40 கொண்டை ஊசி. பாதியிலேயே கருகல் வாடை வந்தது, முன்னால் போன லாரி என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன். நான்கைந்து வளைவு தாண்டி மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, அடுத்த மிதியில் தரையைத் தொட்டது. செகண்ட் கியர், அப்புறம் ஃபர்ஸ்ட், மலைப்பக்கமாக ஒட்டி, விட்டு விட்டு மிதித்துக்கொண்டே எப்படியோ ஒரு மண் ஓரத்தில் ஏற்றி நிறுத்தினேன். நின்றதும் நடுங்கும் கையால் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்தேன். அது ஏற்கனவே பாதி மேலே இருந்தது.

நடந்தது இதுதான். ஹேண்ட்பிரேக் முழுதாக விடுபடாததால் பின்சக்கர டிரம்மில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் உருளையில், அதை அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ விடாமல் உரசியிருக்கிறது, அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறி ஆயில் கொதித்துவிட்டது. ஆயில் அமுங்காது, ஆவி அமுங்கும், நாம் மிதிக்கும் விசையெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே போய்விடும். டாட் 3 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அதற்கான அளவே 140 தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லியிருக்கிறார்கள், என் வண்டியில் இருந்தது நான்கு வருட ஆயில். பிரேக் ஆயில் போகும் லைன் இரண்டாகப் பிரிந்துதானே இருக்கிறது, ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்குமே என்று மெக்கானிக்கிடம் கேட்டேன். இந்த வண்டியில் லைன் குறுக்காகப் போகிறது, ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கத்துப் பின்சக்கரமும் ஒரே லைன், பின்னால் இரண்டுமே சூடானதால் இரண்டு லைனும் கெட்டுவிட்டது என்றார்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழையபடி கெட்டியானது. அப்படி ஆனாலும் தயவுசெய்து நம்பி ஓட்டாதீர்கள், சூடான டிரம்மில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடலாம். நான் பொள்ளாச்சியிலிருந்து ஆள் வரவழைத்து வண்டியைக் கட்டி இழுத்துத்தான் போனேன். கழற்றியபோது ஷூ கண்ணாடி மாதிரி பளபளத்தது, ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. ஷூ, ஆயில், ஏர் எடுக்கும் கூலி, பல்பு எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய்.

இப்போது ஆயில் டப்பா மூடியில் மாற்றிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறேன். வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். வண்டி மேல் தப்பில்லை, நான்தான் மறந்தேன், இன்னும் நாலைந்து வருடம் இதையேதான் ஓட்டப்போகிறேன்.