பழைய கார் வேலை: முழு வண்டியையும் ஒரே கராஜில் விடுவதா, பிரித்துக் கொடுப்பதா?

வடசென்னையில் பழைய காரை வாங்கிச் சரிசெய்ய நினைப்பவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, "ரெஸ்டோரேஷன்" என்று போர்டு வைத்து முழு வண்டியையும் எடுத்துக்கொள்ளும் கராஜ். இரண்டு, ஒரே மாடலில் பல வருஷம் கைபழகிய மெக்கானிக். ஃபியட்காரர், அம்பாசடர்காரர் என்று ஏரியாவில் அடையாளம் சொல்வார்களே, அவர். மூன்று, இன்ஜின் ஒரு லேத்துக்கு, பாடி ஒரு டிங்கருக்கு, வயரிங் ஒரு எலக்ட்ரீஷியனுக்கு என்று நாமே பிரித்துக் கொடுப்பது. பல பிராண்டு வண்டிகளைப் பார்க்கும் செயின் சர்வீஸ் கடைகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பழைய பாகம்) உள்ள வண்டி என்றதும் வாசலிலேயே கைவிரித்துவிடுகிறார்கள்.

என்னுடையது எண்பதுகளில் வந்த ப்ரீமியர் பத்மினி. வீடு பெரம்பூர். இந்த மூன்று வழியிலும் அந்த வண்டி போய் வந்திருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காருக்கு ஸ்பெஷலிஸ்ட் என்பவரைவிட ஒரு வேலைக்கு ஸ்பெஷலிஸ்டாக இருப்பவரை நம்பலாம். பெயிண்ட் மட்டும் விதிவிலக்கு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கழற்றிப் போட்ட வண்டி

ரெஸ்டோரேஷன் கராஜில் முதல் நாள் எல்லாமே அழகாக இருக்கும். முடித்த வண்டிகளின் போட்டோ காட்டுவார்கள், மொத்தத் தொகை ஒன்று சொல்வார்கள், பாதியை அட்வான்ஸாகக் கேட்பார்கள். கூடவே, "கழட்டிப் பாத்தாத்தான் சார் முழுசா தெரியும்" என்பார்கள். அது உண்மைதான். பத்மினியின் ஃப்ளோரில் கார்பெட்டுக்கும் தார் பூச்சுக்கும் அடியில் எவ்வளவு தகடு மிச்சமிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கழற்றினால்தான் தெரியும் என்றால், கழற்றுவதற்கு முன்பே சொன்ன மொத்தத் தொகைக்கும் அதில் பாதியான அட்வான்ஸுக்கும் என்ன அடிப்படை?

என் வண்டியை முதல் வாரத்திலேயே முழுக்கக் கழற்றிவிட்டார்கள். கதவு, சீட்டு, கண்ணாடி, வயரிங், இன்ஜின் எல்லாம் வெளியே வந்தது. அதன் பிறகு மாதக்கணக்கில் எதுவும் நகரவில்லை. போன் செய்தால் "இந்த வாரம் டிங்கர் வந்துருவாரு சார்". முழுக்கக் கழற்றிய வண்டியை வேறு இடத்துக்கு மாற்றுவது யாருக்கும் லேசான காரியமில்லை. இது அவர்களுக்கும் தெரியும். இப்படி மாட்டிக்கொண்ட பலரிடம் பேசிவிட்டேன், வேலை நடந்த வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான்: அட்வான்ஸ், வேகமாகக் கழற்றுவது, பிறகு மௌனம், பிறகு இன்னொரு தொகை.

கழற்றிய சாமான்கள் கோணிப்பைகளில், மற்ற வண்டிகளின் சாமான்களோடு சேர்ந்து கிடந்தன. எனக்கு அதிகம் வலித்தது இதுதான். பத்மினி உற்பத்தி நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. மட்கார்டு வாங்கிவிடலாம், ஹெட்லைட் வாங்கிவிடலாம். கண்ணாடியைச் சுற்றி வரும் குரோம் பட்டை, அதைப் பிடிக்கும் சின்ன கிளிப், கதவு ஹேண்டிலின் ஸ்பிரிங் எல்லாம் தொலைந்தால் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடைகளைச் சல்லடை போட்டுத் தேட வேண்டும். கிடைத்தாலும் ஜோடியாகக் கிடைக்காது.

அடுத்தது பிரைமர். தகடு ஒட்டி, பட்டி போட்டு, பிரைமர் அடித்த வண்டியைத் திறந்தவெளியில் விட்டுவைத்தார்கள். பிரைமர் ஈரத்தை உள்ளே விடும், பட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். கடல் காற்று வீசும் ஊரில் மேல் கோட்டு இல்லாமல் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் பட்டிக்கு அடியிலேயே துரு ஆரம்பித்துவிடும். மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்துக் கொடுத்தாலும் அடுத்த மழைக்காலத்தில் கொப்புளம் தெரியும். பிரைமருக்கும் மேல் கோட்டுக்கும் நடுவே எவ்வளவு நாள் விடுவார்கள், அதுவரை வண்டி எங்கே நிற்கும் என்ற இரண்டையும் எந்தக் கராஜிலும் கேளுங்கள்.

எங்கே நிற்கும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் நண்பர் ஒருவரின் அம்பாசடர், புளியந்தோப்புப் பக்கம் தாழ்வான ஷெட் ஒன்றில், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டைக் கழற்றிய நிலையில் நின்றது. தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டது. "இயற்கை சார், நாங்க என்ன பண்றது" என்றார்கள். புயல் வருகிறது என்று பல நாள் முன்பே அறிவித்திருந்தார்கள். ஹெட்டைத் திரும்ப வைத்து நாலு போல்ட் போட்டிருந்தாலே பாதி சேதம் குறைந்திருக்கும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு, ஒப்படைக்கப்பட்ட பொருளைத் தன் சொந்தப் பொருள் போலச் சாதாரண விவேகத்தோடு பார்த்துக்கொள்ளும் கடமை வாங்கி வைத்தவருக்கு உண்டு என்கிறது. அந்த ஷெட்டில் அந்த விவேகம் இல்லை.

ஃபியட்காரர்

பாடியை அரைகுறையாக மீட்டுக்கொண்டு வந்த பிறகு இன்ஜினுக்காகப் போனது இந்த இரண்டாவது வகை மெக்கானிக்கிடம். இவரிடம் மரியாதை எனக்கு இன்றும் உண்டு. ஸ்டார்ட் செய்த சத்தத்திலேயே டைமிங் தள்ளியிருக்கிறது என்று சொல்வார். ஸ்டியரிங் பக்கத்தில் வரும் கியர் லீவர் மாட்டிக்கொண்டால் பானெட்டைத் திறந்து புஷ் தேய்ந்த இடத்தை நேரே தொட்டுக் காட்டுவார். கராஜின் இளம் பையன்களுக்கு இந்த அறிவு வர வழியே இல்லை.

ஆனால் இவரிடமும் அடிபட்டேன், அது வேறு மாதிரி. இவர்களுக்கு வண்டி ஓட வேண்டும், எப்படி ஓடினாலும் சரி. இன்ஜின் சூட்டைச் சரியான அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு, "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். இன்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்றால் பெரும்பாலும் ரேடியேட்டர் அடைத்திருக்கும். அதைச் சுத்தம் செய்வதை விட்டு தெர்மோஸ்டாட்டைப் பலி கொடுக்கிறார்கள். கார்புரேட்டர் தகராறு செய்தால் வேறு வண்டியின் கார்புரேட்டரை பிளேட் வைத்து மாட்டிவிடுவார்கள்.

பெரிய பிரச்சினை போரிங்கில், அதாவது சிலிண்டரைக் கடைவதில் வந்தது. பத்மினியின் இன்ஜின் 1089 சிசி. போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 75. தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டியிருந்தது. பிளாக்கை அவரே தனக்குத் தெரிந்த லேத்துக்கு அனுப்பினார். பிஸ்டன் செட் பிறகுதான் வந்தது. இன்ஜினைப் பூட்டி ஓட்டினால் நீலப் புகை, அதாவது இன்ஜின் ஆயில் எரிகிறது. "ரன்னிங் இன் முடியட்டும் தம்பி, ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா அடங்கிடும்" என்றார். அடங்கவில்லை.

கடைசியில் இன்ஜினை இறக்கி, பிளாக்கை நானே வியாசர்பாடிப் பக்கம் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெரியவர் போர் கேஜை உள்ளே விட்டு மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, முள் ஆடுவதை எனக்குக் காட்டினார். சிலிண்டர் ஒரே அளவாக இல்லை. "பிஸ்டன் கையில இல்லாம எப்படிங்க போர் அடிச்சாங்க?" என்று கேட்டார். பெட்டியில் போட்டிருக்கும் சைஸை நம்பாமல், கையில் இருக்கும் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, அதற்கு எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று பார்த்துத்தான் கடைய வேண்டும், கடைசிக் கொஞ்சத்தை ஹோனிங்கில் (சாணைக்கல்லால் தேய்த்து) எடுக்க வேண்டும் என்று விளக்கினார். அடுத்த சைஸ் பிஸ்டனை வாங்கிக் கொடுத்தேன். அந்த இன்ஜின்தான் இப்போதும் ஓடுகிறது. ஃபியட்காரர் இன்ஜினை அறிந்தவர், ஆனால் கடைசல் அவர் தொழில் இல்லை. லேத்காரருக்கு என் வண்டி என்ன மாடல் என்பதே முக்கியமில்லை; அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு முக்கியம்.

பிரித்துக் கொடுத்தால்

வேலையைப் பிரித்துக் கொடுக்க வடசென்னையைப் போல ஏற்ற இடம் நகரத்தில் வேறில்லை என்று தைரியமாகச் சொல்வேன். எண்ணூரில் அசோக் லேலண்ட், ஐம்பதுகளிலிருந்து திருவொற்றியூரில் என்ஃபீல்டு, 1955-லிருந்து பெரம்பூரில் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, பக்கத்திலேயே ரயில்வே பணிமனைகள். இரண்டு மூன்று தலைமுறையாக இரும்போடு வாழ்ந்த ஊர் இது. அங்கே வேலை பார்த்தவர்களும் அவர்களிடம் தொழில் கற்றவர்களும்தான் சந்து சந்தாக லேத், ஸ்பிரிங் பட்டறை, ரேடியேட்டர் கடை, டைனமோ காயில் கட்டும் கடை என்று உட்கார்ந்திருக்கிறார்கள். மாதவரம், மணலிப் பக்கம் லாரிக்குப் பட்டை கட்டும் பட்டறையில் பத்மினியின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் அவர்களுக்கு ஒரு மதிய வேலை.

இந்த வழியில் வண்டி பெரும்பாலும் நம் வீட்டிலேயே நிற்கிறது. கழற்றிய ஒரு பாகம் மட்டும் வெளியே போகிறது. வேலை முடிந்த பிறகு காசு. தப்பு நடந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியும்.

கஷ்டமும் நிறைய. நேரம் நம்முடையது, அலைச்சல் நம்முடையது. கதவு சரியாக மூடவில்லை என்றால் டிங்கர் பீடிங் ரப்பரைக் குறை சொல்வார், பீடிங் போட்டவர் டிங்கரைக் குறை சொல்வார். ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் போட்டோ எடுத்து வைத்தால் இந்தச் சண்டை பாதியாகக் குறையும். இன்னொன்றையும் நாமேதான் நினைவில் வைக்க வேண்டும்: இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் அதற்குத் தாங்காது. நான் போன மூன்று இடத்திலும் இதை யாரும் தாமாகச் சொல்லவில்லை. பெட்ரோல் கசிந்தால் தீதான் மிஞ்சும், ஆகவே எத்தனால் தாங்கும் ஹோஸை நீங்களே கேட்டு மாற்றச் சொல்லுங்கள்.

ஃப்ளோர் தகடு விஷயத்தில் மூன்று வழிக்கும் ஒரே எச்சரிக்கை. பத்மினிக்குத் தனி சேஸி கிடையாது, பாடியேதான் பலம். சைடு சில்லையும் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகடு) ஃப்ளோரையும் ஒரே நேரத்தில் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் ஜாடிக்கு மூடி போலப் பொருந்தாது. வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வெல்டு வைத்து, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். கேஸ் வெல்டிங்கின் சூட்டில் மெல்லிய தகடு நெளியும், சிஓடூ வெல்டிங் கேட்டு வாங்குங்கள். மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. அதற்குச் சேஸி தனி, பாடியும் துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கிறது.

பெயிண்டுக்குத்தான் நான் ரெஸ்டோரேஷன் கராஜ் பக்கம் சாய்கிறேன். கண்டெய்னர் லாரி ஓயாமல் போகும் ரோட்டோரத்தில், ஷெட் வாசலில் தண்ணி தெளித்துவிட்டு அடிக்கும் பெயிண்டில் தூசி உட்காராமல் இருக்காது. பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடிக்க தூசி புகாத நல்ல பூத்தும் சுத்தமான காற்றும் வேண்டும், அது அவர்களிடம்தான் இருக்கிறது. தகடு வேலை முடித்து, காந்தம் வைத்துப் பட்டி எங்கே தடிமனாக இருக்கிறது என்று பார்த்து, கண்ணாடியையும் குரோமையும் நாமே கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, வெறும் பாடியைப் பெயிண்டுக்கு மட்டும் கொடுக்கலாம். கலரை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

ஆர்.சி. என்றதும் ஒன்று. "இந்த இன்ஜின் வேணாம் சார், மாருதி இன்ஜின் போட்டுத் தரேன்" என்று இரண்டு வகை ஸ்பெஷலிஸ்டுகளும் சொல்வார்கள். அனுமதி வாங்காமல் மாற்றினால் புதுப்பிக்கும்போது இன்ஜின் நம்பரில் மாட்டிக்கொள்வீர்கள். 2021-ல் வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய கார்களுக்கு விண்டேஜ் பதிவு கிடைக்கும், ஆனால் சேஸியோ பாடியோ இன்ஜினோ பெரிதாக மாற்றப்படாமல் அசல் உருவில் இருக்க வேண்டும். எழுபதுகளின் முற்பகுதி வண்டிகள் இப்போது அந்த வாசலில் நிற்கின்றன. வேறு இன்ஜின் போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள், அபார்ட்மெண்டில் ஒரு பார்க்கிங் மட்டும் உள்ளவர்கள், நேரமே இல்லாதவர்கள் முழு வண்டியையும் கராஜில் விடத்தான் வேண்டியிருக்கும். அப்படியானால் மொத்த அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். தகடு, பிரைமர், பெயிண்ட், பூட்டுதல் என்று கட்டம் கட்டமாகப் பணம் பேசுங்கள். ஒரு கட்டம் முடிந்து நேரில் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்குக் கழற்றட்டும். கழற்றிய சாமான்களின் பட்டியலில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொரு வரியும் எழுதி வாங்குங்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவுப்படி, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்கும் உரிமை கராஜுக்கு உண்டு; வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாதவரை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஆகவே, தகராறு வந்தால் முடிந்த கட்டத்துக்கான பணத்தைக் கொடுத்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று முதல் நாளே காகிதத்தில் வரட்டும். அதையும் மீறினால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் கையில் கொடுத்த பணத்தை அங்கே நிரூபிப்பது கஷ்டம், அதனால் அட்வான்ஸைக் கூட யு.பி.ஐ.யிலோ வங்கி வழியாகவோ அனுப்புங்கள்.