ஐஆர்ஏ செக் புத்தகம்: நன்கொடைக்கு நல்ல வசதி, டிசம்பரில் மட்டும் வேண்டாம்

அமெரிக்காவில் ஐஆர்ஏ (தனிநபர் ஓய்வுக்காலச் சேமிப்பு) கணக்கு வைத்திருப்பவர்கள், 70½ வயதைத் தாண்டிய பிறகு, அதிலிருந்து நேரே தொண்டு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கலாம். சாதாரணமாக எடுக்கும் பணம் போல அந்தத் தொகை வரிக்குரிய வருமானத்தில் சேராது. கியூசிடி என்று பெயர். 2025-க்கு ஆளுக்கு 1,08,000 டாலர் வரை. இதற்கு ஃபிடெலிட்டி, ஷ்வாப் போன்ற முதலீட்டு நிறுவனங்கள் ஐஆர்ஏ கணக்குக்கே செக் புத்தகம் தருகின்றன. கோயிலுக்கு 500, உணவு வங்கிக்கு 250 என்று பல இடங்களுக்குப் பிரித்துக் கொடுப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஒவ்வொரு முறையும் படிவம் நிரப்பி அனுப்பும் தொல்லை மிச்சம்.

வரி மிச்சமும் சாதாரணமில்லை. 65 தாண்டிய தம்பதிக்கு 2025-இல் நிலையான கழிவே (செலவுக் கணக்குக் காட்டாமல் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை) 34,700 டாலர். வீட்டுக் கடன் முடிந்த பெரும்பாலானோர் அதைத் தாண்டிக் கழிவுகளைப் பட்டியலிட முடியாது. அந்த ஆண்டில் அவர்கள் வங்கிக் கணக்கிலிருந்து 6,000 கொடுத்திருந்தால் வரியில் ஒரு காசு குறைந்திருக்காது. அதே 6,000 ஐஆர்ஏவிலிருந்து போனால், 22 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு 1,320 டாலர் மிச்சம். மொத்த வருமானமே குறைவதால் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிரீமியம் கூடுவதும் சிலருக்குத் தவிரும். 73 வயது முதல் ஆண்டுதோறும் ஐஆர்ஏவிலிருந்து எடுத்தே ஆகவேண்டிய கட்டாய எடுப்பிலும் (ஆர்எம்டி) இது கழியும்.

சிக்கல் தேதியில். செக் எழுதிய நாள் கணக்கில்லை. அது வங்கியில் பாஸாகி, ஐஆர்ஏவிலிருந்து பணம் போன நாள்தான் கணக்கு. டிசம்பர் 20 அன்று தபாலில் போட்ட செக்கைக் கோயில் அலுவலகம் ஜனவரியில் டெபாசிட் செய்தால், அது அடுத்த ஆண்டுக் கொடை. அதை நம்பி ஆர்எம்டியைக் குறைத்து எடுத்திருந்தால், குறைந்த தொகைக்கு 25 சதவீத அபராதம் (சீக்கிரம் சரிசெய்தால் 10). நவம்பருக்குப் பிறகு செக் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, முதலீட்டு நிறுவனமே நேரடியாகச் செக் போட்டு அனுப்பும் சேவையைக் கேட்பது உத்தமம். அதிலும் ஒரு குறை உண்டு: அந்தச் செக்கில் கொடுப்பவர் பெயர் தெளிவாக இல்லாமல் போகலாம், யார் அனுப்பியது என்று கோயில் பொருளாளர் விழிப்பார். தனியாக ஒரு கடிதம் போட்டுவிடுங்கள்.

செக் கொடுக்குமுன் கணக்கில் ரொக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபண்டிலேயே முடங்கியிருந்தால் செக் திரும்பிவிடும்.

யாருக்குக் கொடுக்கலாம் என்பதிலும் கறார். 501(சி)(3) என்ற வரிச்சட்டப் பிரிவில் தொண்டு அமைப்பாகத் தகுதி பெற்ற அமெரிக்க அமைப்பாக இருக்க வேண்டும். அங்குள்ள இந்துக் கோயில்கள் பலவற்றுக்கு அந்தத் தகுதி உண்டு. தமிழ்நாட்டில் உள்ள ஊர்க் கோயிலுக்கு நேரே எழுதினால் செல்லாது. டோனர் அட்வைஸ்டு ஃபண்டுக்கும் (பணத்தைப் போட்டுவைத்து, எந்தத் தொண்டுக்குப் போக வேண்டும் என்று பிறகு சொல்லும் நிதி) செல்லாது. 401கே (வேலை பார்த்த நிறுவனம் வழியாகச் சேர்த்த ஓய்வுக்காலக் கணக்கு) பணத்தை முதலில் ஐஆர்ஏவுக்கு மாற்றியாக வேண்டும். பதிலுக்கு விருந்து டிக்கெட் வாங்கிக்கொண்டால் முழுத் தொகையும் கியூசிடி தகுதியை இழக்கும், விருந்தின் விலை மட்டுமல்ல. ரசீதில் "பொருளோ சேவையோ பதிலுக்குத் தரப்படவில்லை" என்ற வாசகம் இருக்கட்டும்.

ஆண்டு முடிந்து வரும், ஐஆர்ஏவிலிருந்து எடுத்த தொகையைக் காட்டும் 1099-ஆர் படிவத்தில் செக் எதற்கு எழுதினீர்கள் என்ற விவரத்தை எதிர்பார்க்காதீர்கள். எல்லாம் சாதாரண எடுப்பு போலவே தெரியலாம். வரிக் கணக்கு போடுபவரிடம் அந்தப் படிவத்தை மட்டும் நீட்டினால் முழுத் தொகைக்கும் வரி போட்டுவிடுவார். பாஸான செக் நகலையும் ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள்: 1040 வருமான வரிப் படிவத்தில் 4ஏ வரிசையில் மொத்த எடுப்பு, 4பி-யில் கியூசிடி போக மீதி, அது கியூசிடி என்ற குறிப்போடு.